நிறம் களவுபோன சாடி

அத்தியாயம் ஆறு

லெனாட் சொன்ன பொய் மிக மோசமான பொய். அதனால்தான் தனுசியா அதை நம்பத் தொடங்கினாள்.

"திருப்பி ஒருக்கால் சொல்லுங்கோ."

"நான் போத்தலிலை பிடிச்சது வெள்ளைத் தண்ணி, அக்கா. கஞ்சித் தண்ணி மாதிரி இருந்தது. பேந்து அது தன்பாட்டிலை நிறம் மாறிப்போச்சுது."

"தன்பாட்டிலை?"

"தன்பாட்டிலை."

கிறகோரி ஓட்டோச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு நின்றார். "வேதப்புத்தகத்திலை கானாவூர்க் கலியாணத்திலையும் தண்ணி நிறம் மாறினதுதான், தம்பி. ஆனால் அங்கை மாத்தினவர் வேறை ஆள்."

கிறிஸ்ரினாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆடிக்கொண்டிருந்தது லெனாட்டோடு நடக்கவிருந்த அவளுடைய கலியாணம்.

குருநகரில் லெனாட்டின் வீட்டுக் கிணற்றடி. வியாழக்கிழமை காலை. தனுசியாவைக் கூட்டிவந்தவள் கிறிஸ்ரினாதான். மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். அரை நாள் லீவு போட்டிருந்தாள்.

தனுசியா யாழ்ப்பாண நகரில் ஒரு தையற்கடைக்கு மேலே துப்பறியும் அலுவலகம் நடத்துகிறாள். அதிகம் பேசமாட்டாள். அந்தக் குறையை உதவியாளர் கிறகோரி தீர்த்துவைத்தார். அவர் இதே குருநகரில் பிறந்து, பாதி வாழ்க்கை கடலில் வலை இழுத்து, பிறகு படகை விற்று ஓட்டோ வாங்கியவர். அவளைவிட இருபது வயது மூத்தவர். தான் அவளிடம் வேலை செய்கிறவர் என்பது அவருக்கு மாத முடிவில் மட்டும் நினைவு வரும்.

வழக்கு இதுதான். சண்டிலிப்பாயில் கனகசபாபதி என்பவர் தோட்டக்காரருக்குப் பயிர்ச்சத்து விற்கிறார். நாவற்பழத்தைப் பிழிந்தது போன்ற நீர். சேற்று நாற்றம். உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவருடைய கொட்டிலில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கண்ணாடிச் சாடி நிற்கிறது. அதற்குத் தாய்ச்சாடி என்று பெயர். அதிலிருந்து கொஞ்சம் எடுத்து, மீன் அவித்த தண்ணீரில் கலந்து வைத்தால் அதுவும் நாளடைவில் நாவல் நிறமாகிவிடும். அதைப் பிளாஸ்டிக் கானில் அடைத்து விற்கலாம். தாய்ச்சாடி போனால் எல்லாம் போனது.

கனகசபாபதி காங்கேசன்துறையில் கப்பல் ஏறிச் சிதம்பரம் கும்பிடப் போயிருந்தார். போகுமுன் சாடியில் பாதியை விற்றுவிட்டு, மிச்சத்தில் புதிதாக மீன்தண்ணீர் விட்டிருந்தார். இரண்டு கிழமை கழித்து, இந்தச் செவ்வாய்க்கிழமை திரும்பி வந்து பார்த்தால் சாடியில் நாவல் நிறம் இல்லை. வெளிறிய, கலங்கிய தண்ணீர். எவனோ தாயைக் களவெடுத்துவிட்டுக் கஞ்சியை ஊற்றிவைத்திருக்கிறான் என்று முடிவு கட்டினார். சாமான் ஏற்றி இறக்கும் லெனாட்டின் வீட்டுக்கு நேரே வந்தார். கிணற்றுக்கட்டில் ஒரு சோடாப் போத்தல். முட்ட முட்ட நாவல் நிறம். மிச்சத்தை லெனாட் கொடிகாமத்தில் யாருக்கோ விற்றுவிட்டான் என்பது அவருடைய கணக்கு.

கொட்டிலுக்குக் காவல் சந்தியோகு. கிறிஸ்ரினாவின் தகப்பன். முதலாளியைவிட அவருக்குத்தான் கோபம் அதிகம்.

கத்தோலிக்கக் கோயிலில் கலியாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிறு மணமக்களின் பெயரை வாசிப்பார்கள். தடை அறிந்தவர்கள் சொல்லலாம். இரண்டு ஞாயிறு முடிந்துவிட்டது. மூன்றாம் ஞாயிறு தான் எழுந்து நின்று தடை சொல்லப்போவதாகச் சந்தியோகு மீன்சந்தை வரைக்கும் சொல்லிவிட்டார்.

"ஒரு தகப்பன் தன்ரை மகளின்ரை கலியாணத்தைத் தானே மறிப்பாரோ?" என்று கேட்டாள் தனுசியா.

"அப்பா சொன்னால் சொன்னதுதான், அக்கா. பெரிய மாமாவோடை ஒருநாளும் கதைக்கமாட்டன் எண்டவர். மாமா செத்து அஞ்சு வருசம். இப்பவும் கதைக்கேல்லை."

"மாமாவும் விட்டுக்குடுக்கேல்லைப் போலை," என்றார் கிறகோரி.

தனுசியா கிணற்றுக்கட்டைப் பார்த்தாள். சீமெந்தில் போத்தல் நின்ற வட்டம் இன்னும் தெரிந்தது. சுற்றிலும் நிழல் இல்லை.

"இதிலை வெச்சது நீங்கள்தானே?"

"ஓம். அம்மாவின்ரை கத்தரிக்கண்டுக்கு விடக் கொண்டந்தனான். வெச்சிட்டு மறந்துபோனன்."

"எத்தினை நாள்?"

"முதலாளி வந்து பாக்குமட்டும் இதிலைதான் நிண்டது. ஒரு கிழமைக்கு மேலை."

"மூடி?"

"இறுக்கிப் பூட்டினது. மோட்டச்சைக்கிள்ளை வரேக்கை குலுங்கிச் சிந்தாமல் கழுத்துமட்டும் நிறைச்சனான்."

"சாடியைத் திறந்தோ எடுத்தனீங்கள்?"

"இல்லை அக்கா. சாடி வழிஞ்சு கீழை பேசினுக்குள்ளை நிண்டது. அதை ஊத்தச் சொன்னவர் சந்தியோகு மாமா. ஊத்துறதை ஏன் வீணாக்குவான் எண்டு கொண்டந்தனான்."

"மூடி வெச்ச சாடி ஏன் வழிஞ்சது?"

லெனாட் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தான். உள்ளே பார்க்க ஒன்றும் இல்லை.

"தெரியாது," என்றான்.

இது நல்ல பொய். சுருக்கமாக இருந்தது. ஆகவே தனுசியா இதை நம்பவில்லை.

ஓட்டோவில் ஏறியதும் கிறகோரி கேட்டார். "என்ன பிள்ளை, உவன் கள்ளனோ?"

"நீங்கள் களவெடுத்தால் கிணத்துக்கட்டிலை வெயில் பட வைப்பியளோ?"

"நான் களவெடுத்தால் மரியநாயகி அதை வித்துச் சீட்டுக் கட்டியிருப்பாள்."

மரியநாயகி அவருடைய மனைவி. சண்டிலிப்பாய் போய்ச் சேரும்வரை அவர் மனைவியைப் பற்றியே பேசினார். தனுசியா பின்னால் இருந்து பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கும் சிநேகிதி ஒருத்தியோடு கைப்பேசியில் கதைத்துக்கொண்டு வந்தாள். கேள்வி கேட்டது கொஞ்சம். கேட்டுக்கொண்டிருந்தது அதிகம்.

கனகசபாபதியின் கொட்டில் புகையிலைத் தோட்டத்துக்கும் வெங்காயத் தோட்டத்துக்கும் இடையில் நின்றது. அவர் நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார். சிதம்பரத்துத் திருநீற்றை இருவருக்கும் நீட்டினார். கிறகோரியும் வாங்கிப் பூசிக்கொண்டார். யார் கொடுத்தாலும் வாங்குவார்.

"சாட்சிப் பொருள் உள்ளை இருக்கு," என்றார் கனகசபாபதி. "ஒருத்தரும் தொடாமல் கதவு யன்னல் எல்லாம் பூட்டி வெச்சிருக்கிறன்."

கொட்டிலுக்குள் இருட்டு. சாடிக்கு மேலே ஒரு சாக்கு. அவர் அதை நீக்கினார். முக்கால் சாடி வெளிறிய தண்ணீர். பக்கத்து மேசையில் லெனாட்டின் போத்தல். நாவல் நிறம், அதைப் பார்க்கவே நாக்கு கறுப்பது போல.

"பாருங்கோ. ஆருக்கும் விளங்கும்," என்றார் கனகசபாபதி. "இஞ்சை இருந்தது அங்கை போச்சுது."

"அண்ணை, மணந்து பாருங்கோ," என்றாள் தனுசியா.

கிறகோரி சாடியின் மூடியைத் தூக்கி மூக்கை நுழைத்தார். பிறகு போத்தலைத் திறந்து மணந்தார். திரும்பவும் சாடி. திரும்பவும் போத்தல். முகத்தைச் சுழித்தார்.

"ரெண்டும் ஒரு தாய் பெத்ததுகள். களக்கடல் சேறு. ஆழமில்லாத கடல் வத்தேக்கை கால் வெச்சால் வாற மணம்."

"உது கஞ்சி," என்றார் கனகசபாபதி.

"கஞ்சியெண்டால் இத்தினை நாளுக்குப் புளிச்சு ஊரைக் கூட்டியிருக்கும், ஐயா. எறும்பு வந்திருக்கும். உதிலை ஒரு எறும்பு காட்டுங்கோ பாப்பம்."

"மூக்கை வெச்சோ வழக்குப் பேசுறது?"

"கடல்லை நாங்கள் மூக்கை வெச்சுத்தான் கரைக்கு வந்தனாங்கள்."

தனுசியா மேலே பார்த்தாள். கொட்டிலில் நாலு விளக்குகள். மூன்று எல்.ஈ.டி. சாடிக்கு நேர் மேலே மட்டும் பழைய குண்டு பல்பு.

"இது ஏன்?"

"தாய்ச்சாடி தந்த பெடியன் சொன்னவன். இரவிலை குண்டு பல்புதான் எரியவேணுமாம். ஏனெண்டு நான் கேக்கேல்லை. பல்பு தேடிப்பிடிக்கிறதுக்குள்ளை நாய்படாத பாடு."

"நீங்கள் இல்லாத நாளிலை எரிஞ்சதோ?"

"சந்தியோகுவிட்டைச் சொல்லிப்போட்டுத்தானே போனனான்."

தனுசியா கதிரையில் ஏறி நின்றாள். பல்பிலிருந்து கூரை வளைமரத்துக்குச் சிலந்தி வலை ஓடியது. நல்ல தடித்த வலை. சிலந்தியும் உள்ளே இருந்தது. எரிகிற குண்டு பல்பில் சிலந்தி குடியிருக்காது. அவள் இறங்கிவிட்டாள். ஒன்றும் சொல்லவில்லை.

கிறகோரி அப்போது சாடிக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தார். மூடியின் உயரத்தில் வெள்ளைப் புள்ளிகள். காய்ந்து போன துமி. ஒரு பக்கம் மட்டும், விசிறி விரித்தது போல. அவர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

தனுசியா இரண்டு வெறும் சோடாப் போத்தல்கள் கேட்டாள். வெளிறிய தண்ணீரை ஒன்றில் கழுத்துவரை நிறைத்து, காற்றுக்கு இடம் விடாமல் இறுக்கி மூடினாள். மற்றதில் கொஞ்சம் மட்டும் விட்டு, வாயைத் துணியால் கட்டினாள். இரண்டிலும் ஒட்டுத்தாள் ஒட்டிக் கனகசபாபதியைக் கையெழுத்துப் போடச் சொன்னாள். அவர் வங்கியில் போடுவது போல நிதானமாகப் போட்டார்.

"மூடினது பகலிலை உங்கடை கிணத்துக்கட்டிலை வெயில்லை நிக்கட்டும். இரவிலை இந்தக் குண்டு பல்புக்குக் கீழை. மற்றது சாக்குக்குக் கீழை. அப்பப்ப அதை எடுத்து நல்லாய்க் குலுக்கிவிடுங்கோ. சனி பின்னேரம் வாறம்."

"கஞ்சியை வெயில்லை வெச்சு என்னத்தைப் பாக்கிறது?"

"நிறம் திரும்பி வருதோ எண்டு."

"களவுபோனது தன்பாட்டிலை திரும்பி வருமோ, பிள்ளை?"

"களவுபோகாட்டில் வரும்."

திரும்பி வருகையில் தனுசியா விளக்கினாள். சிநேகிதி சொன்னதைத் தன் பாணியில் சொன்னாள்.

"இலை வெளிச்சத்தைத் திண்டு சீவிக்குது. அதுக்காகத் தண்ணியைப் பிரிச்சு, எங்களுக்கு மூச்சுவிடக் காத்துத் தருது. இந்தச் சீவன்களும் வெளிச்சத்தைத்தான் தின்னும். ஆனால் தண்ணியைத் தொடாது. எங்களுக்குக் காத்தும் தராது. சிலதுக்குச் சேத்திலை நாறுற வாயு காணும். சிலதுக்கு அழுகினதிலை வாற புளிப்புக் காணும்."

"நாத்தத்தைத் திண்டு சீவிக்கிறதோ? எங்கடை மீன்சந்தைக்குப் பக்கத்திலை காணி எடுத்துக் குடுக்கலாம்."

"நீங்கள் சேறு கிண்டியிருக்கிறியள்தானே?"

"இரைப்புழுவுக்குக் கிண்டினனான்." அவர் யோசித்தார். "ஓம் பிள்ளை. மேலை பச்சையாய் ஒரு படை. அதுக்குக் கீழை நாவல் படை. அதுக்கும் கீழை கறுப்பு. நான் அதை ஆரோ சாயம் ஊத்தினது எண்டு நினைச்சனான்."

"அந்த நாவல் படைதான் இவை. மேலை இருக்கிற பச்சை தனக்கு வேண்டிய வெளிச்சத்தைத் திண்டிடும். சிவப்புக்கு அங்காலை எங்கடை கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஒண்டு இருக்கு. அது பச்சைக்கு உதவாது. கீழை இறங்கும். அதை இவை பிடிச்சுக்கொள்ளும்."

"கடைசிப் பந்தியிலை இருக்கிற ஆக்கள்."

"அந்த வெளிச்சம் குண்டு பல்பிலை நிறைய வரும். எல்.ஈ.டியிலை வராது."

"சரி. நிறம் ஏன் போனது?"

"இவைக்கு ரெண்டு விதமான சீவியம். வெளிச்சம் இருந்து காத்து இல்லாட்டில், வெளிச்சத்திலை சமைக்கும். சமைக்கிற சட்டிதான் அந்த நிறம். காத்துத் தாராளமாய்க் கிடைச்சால் எங்களைப்போலை மூச்சுவிட்டு, கிடைக்கிற சாப்பாட்டை எரிச்சுச் சீவிக்கும். மரியநாயகி அக்கா ஊரிலை இல்லாத நாள் நீங்கள் சமைப்பியளோ?"

"சோத்துப் பார்சல் இருக்கேக்கை ஆர் அடுப்பு மூட்டுறது?"

"அவையும் மூட்டாது. புதுசாய்ப் பிறக்கிறதுகள் சட்டி இல்லாமலே பிறக்கும். கூட்டம் பெருகப் பெருகச் சாடி வெளிறிப்போகும். சாகேல்லை. கொழுத்துத்தான் இருக்கும்."

"அப்ப சாடிக்கை ஆரோ காத்து விட்டிருக்கினம்."

"ஓம்."

அதன் பிறகு கிறகோரி பேசவில்லை. ஓட்டோ மானிப்பாயைத் தாண்டியது. ஒரு மாடு குறுக்கே போனது. அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

"அண்ணை."

"ம்."

"மாடு குறுக்கை போய் நீங்கள் சும்மா வாறியள். என்னத்தை ஒளிக்கிறியள்?"

"றோட்டைப் பாத்து ஓடுறன்."

"நீங்கள் ஒருநாளும் றோட்டைப் பாத்து ஓடினதில்லை. உங்கடை வாய் மூடியிருக்கிறது எனக்குத் தடயம்."

கிறகோரி ஓட்டோவை ஓரங்கட்டினார். கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"சுவரிலை துமி கண்டனான். உயிர் இறால் வெச்சிருக்கிற தொட்டிக்குப் பின்னாலை சுவர் அப்பிடித்தான் இருக்கும். பம்பாலை காத்து விட்டால் குமிழி வெடிச்சுத் தெறிக்கும். நுரை கட்டி வழியும்."

"ஆரிட்டைப் பம்ப் இருக்கு?"

"குருநகரிலை எத்தினை பேரிட்டை இருக்கு."

"அண்ணை."

"சந்தியோகுவிட்டை." அவர் பெருமூச்சு விட்டார். "கொழும்புக் கம்பனிக்கு உயிரோடை சிங்க இறால் அனுப்பினவன். கம்பனி பூட்டினாப்பிறகுதான் காவலுக்கு வந்தவன். என்ரை மூத்தவளின்ரை ஞானஸ்நானத்திலை ஞானத்தகப்பனாய் நிண்டவன், பிள்ளை. நான் எப்பிடிச் சொல்லுறது?"



"லெனாட்டை அவருக்குப் பிடிக்குமோ?"

"முதல்லை பிடிக்கேல்லை. பெடியன் கடலுக்குப் போகாதவன் எண்டு." கிறகோரி திரும்பிப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது. "மருமகனைக் கழட்டப் பொறி வெச்சிருக்கிறானோ? சாடியைத் தானே கெடுத்துப்போட்டு, வழிஞ்சதை அவனிட்டைக் குடுத்துவிட்டு..."

"இருக்கலாம்," என்றாள் தனுசியா.

அன்று முழுவதும் கிறகோரி வேறு பகிடி விடவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் கொட்டிலில் எல்லோரும் கூடினார்கள். கனகசபாபதி ஒரு பக்கம். கிறிஸ்ரினாவும் லெனாட்டும் ஒரு பக்கம், நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவு இடைவெளி விட்டு. அந்த இடைவெளிக்குக் காரணமானவர் கதவடியில் நின்றார். சந்தியோகு. குறுகிய, இறுகிய மனிதர். கைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஆரும் என்னவும் சொல்லுங்கோ," என்றார். "நாளைக்கு நான் எழும்புறதெண்டால் எழும்புறதுதான்."

தனுசியா சாக்குக்குக் கீழே இருந்த போத்தலை எடுத்து மேசையில் வைத்தாள். அதே வெளிறிய தண்ணீர்.

கனகசபாபதி கிணற்றடிக்குப் போய் மற்றப் போத்தலை எடுத்துவந்தார். நடந்து வரும்போதே அவர் நடை மாறியிருந்தது. குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

முழு நாவல் நிறம் இல்லை. நாவற்பழம் தின்ற பிள்ளையின் நாக்கைப் போல இருந்தது. ஆனால் யாரும் அதைக் கஞ்சி என்று சொல்லமாட்டார்கள்.

"ஒட்டுத்தாள் உங்கடைதானே?" என்றாள் தனுசியா.

அவர் தன் கையெழுத்தை இரண்டு தரம் பார்த்தார். "என்ரைதான்."

"ரெண்டும் ஒரே சாடித் தண்ணி. ஒண்டுக்கு வெயில் இருந்தது, காத்து இல்லை. மற்றதுக்குக் காத்து இருந்தது, வெளிச்சம் இல்லை. லெனாட் பிடிச்சது வெள்ளைத் தண்ணிதான். மூடி, வெயில்லை மறந்துபோனார். அது தன்பாட்டிலை நிறம் மாறினது. அவர் சொன்னது அவ்வளவும் உண்மை."

"அப்ப என்ரை தாய்?"

"களவுபோகேல்லை. சாகவுமில்லை. அந்தா நிக்குது."

கனகசபாபதி சாடியைப் பார்த்தார். பிறகு அதன் கண்ணாடியைத் தடவினார். யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் ஒரு தரம் கும்பிட்டும் விட்டார்.

லெனாட்டுக்கும் கிறிஸ்ரினாவுக்கும் நடுவில் இருந்த இடைவெளி பாதியானது.

கிறகோரி சந்தியோகுவையே பார்த்துக்கொண்டிருந்தார். பொறி வைத்தவன் இப்போது நழுவப் பார்ப்பான். கண்ணைத் தாழ்த்துவான். சந்தியோகு இரண்டும் செய்யவில்லை. விளங்காத முகத்தோடு நின்றார்.

"சந்தியோகு அண்ணை," என்றாள் தனுசியா. "சிங்க இறாலைக் கொழும்புமட்டும் உயிரோடை எப்பிடி அனுப்பினனீங்கள்?"

சந்தியோகுவின் கைகள் அவிழ்ந்தன. எத்தனையோ மாதமாக யாரும் கேட்காத கேள்வி அது.

"வெளிச்சம் காட்டக்கூடாது, பிள்ளை. அது முதலாவது. சாக்கு நனைச்சு மூடவேணும். தண்ணிக்கை காத்து ஓடவேணும், ராப்பகலாய், ஒரு நிமிசம் நிக்கக்கூடாது. நான் அனுப்பினதிலை ஒண்டும் வழியிலை செத்ததில்லை. கிறகோரியைக் கேளுங்கோ."

"உண்மைதான்," என்றார் கிறகோரி மெதுவாக.

"இந்தச் சாடியையும் அப்பிடித்தான் பாத்தனீங்களோ?"

"பின்னை?" சந்தியோகு நெஞ்சை நிமிர்த்தினார். "முதலாளி என்ன சொல்லிப்போட்டுக் கப்பல் ஏறினவர்? 'உயிருள்ள சாமான், சந்தியோகு. உன்ரை பிள்ளையைப்போலை பார்' எண்டார். வந்து பாத்தால் கண்ணாடிக்கை அடைச்சு மூடியிருக்கு! மேலை பல்பு வேறை. எந்த உயிர் தப்பும்? வீட்டை கிடந்த பம்பைக் கொண்டந்து பூட்டினனான். பல்பை நூத்து இருட்டாக்கினனான். சாக்கை மூடினனான், வெளிச்சம் படும் எண்டு ஒருநாளும் நீக்கிப் பாக்கேல்லை. இவர் வாற அண்டு விடியப்புறம் இருட்டுக்கைதான் பம்பைக் கழட்டினது. உது இண்டைக்கு உயிரோடை நிக்குதெண்டால் நான் பாத்த பார்வையிலை!"



கிறகோரி சந்தேகித்த பொறி அந்த இடத்திலேயே சரிந்து விழுந்தது. பொறி வைத்தவன் அதைத் தன் வாயால் இவ்வளவு பெருமையாகச் சொல்லமாட்டான். அவருக்கு நெஞ்சு லேசானது. அதோடு வாயும் திறந்தது.

"மச்சான்," என்றார். "நீ பாத்த பார்வையிலைதான் அது வெளிறிப்போச்சுது."

"என்ன?"

"உது சிங்க இறால் இல்லையடாப்பா. காத்தும் நிழலும் குடுத்தால் நிறத்தைக் கழட்டி வெச்சிட்டுச் சும்மா இருந்து சாப்பிடுற சாதி. நீ ரெண்டு கிழமை சோத்துப் பார்சல் குடுத்திருக்கிறாய்."

சந்தியோகு இரண்டு போத்தல்களையும் பார்த்தார். சாக்கைப் பார்த்தார். சுவரில் இருந்த துமியைப் பார்த்தார். அவருக்கு அது என்னவென்று யாரும் சொல்லத் தேவையில்லை.

மெல்ல லெனாட்டின் பக்கம் திரும்பினார்.

"நான் பம்ப் விட்டது உனக்குத் தெரியும்."

"ஓம் மாமா."

"நீ ஏன்ரா சொல்லேல்லை?"

"நீங்கள்தானே சொல்லவேண்டாம் எண்டனீங்கள். கரண்டுக்கு முதலாளி கத்துவார் எண்டு."

"அதுக்கு? உன்னைக் கள்ளன் எண்டேக்கையுமோ? நான்... நானே சொல்லேக்கையுமோ?"

லெனாட் தரையைப் பார்த்தான். "சொல்லமாட்டன் எண்டு சொன்னனான்."

கிறிஸ்ரினா நெற்றியில் கை வைத்தாள். "மாதாவே, ஒரு வீம்பனிட்டையிருந்து தப்பி இன்னொரு வீம்பனிட்டைப் போறன்."

கனகசபாபதி லெனாட்டிடம் ஏதோ சொல்லத் தொடங்கி, தொண்டையைச் செருமி, கடைசியில் சிதம்பரத்துத் திருநீற்றுப் பொட்டலத்தை அவன் கையில் திணித்தார். மன்னிப்புக் கேட்பது அவருக்குப் பழக்கமில்லை. கத்தோலிக்கப் பெடியன் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

சந்தியோகு மூலையில் ஒளித்து வைத்திருந்த பம்பை எடுத்துக் கமக்கட்டில் இடுக்கிக்கொண்டு வெளியே நடந்தார். வெங்காயத் தோட்டத்து வரம்பில் அவர் முதுகு சிறிதாகிக்கொண்டு போனது.

"நாளைக்கு எழும்பமாட்டார்தானே?" என்றாள் தனுசியா.

கிறிஸ்ரினா தகப்பனின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எழும்புவன் எண்டு ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டார், அக்கா. அப்பா சொன்னால் சொன்னதுதான்."

ஞாயிறு காலைப் பூசைக்குத் தனுசியாவும் வந்தாள். கடைசி வாங்கில் கிறகோரிக்கும் மரியநாயகிக்கும் பக்கத்தில் இருந்தாள். கோயில் வழக்கத்தைவிட நிறைந்திருந்தது. மீன்சந்தை முழுவதும் வந்திருந்தது.

பங்குச் சுவாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெயர்களை வாசித்தார். லெனாட். கிறிஸ்ரினா. இது மூன்றாவது வாசிப்பு. தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம்.

சந்தியோகு எழுந்து நின்றார்.

மின்விசிறிகள் சுற்றும் சத்தம் கேட்டது. முன் வாங்கில் கிறிஸ்ரினா தலையைக் குனிந்துகொண்டாள். லெனாட் நேரே பார்த்தபடி இருந்தான். அவனுடைய காது மட்டும் சிவந்திருந்தது.

சுவாமி கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "சொல்லுங்கோ, சந்தியோகு."

"எழும்புவன் எண்டு சொன்னனான், சுவாமி."

"ஓம்."

"எழும்பிட்டன்."

சுவாமி காத்திருந்தார். ஊர் காத்திருந்தது.

"தடை ஒண்டும் இல்லை," என்றார் சந்தியோகு. உட்காரப் போனார். பாதியில் திரும்பவும் நிமிர்ந்தார். "நல்ல பெடியன். சொல்லவேண்டாம் எண்டால் சொல்லமாட்டான். எனக்குத்தான் மூடி வைக்கத் தெரியேல்லை."

பிறகு உட்கார்ந்தார்.

கடைசி வாங்கில் கிறகோரி வாயைத் திறந்தார். தனுசியா அவரைப் பார்த்தாள். அவர் மூடிக்கொண்டார். இந்தத் தரம் அவர் ஒளிக்க ஒன்றும் இருக்கவில்லை. கண்ணில் விழுந்த தூசியைத் துடைக்கிற மாதிரித் துடைத்தார்.

"கோயில் ஃபான் சரியான காத்து," என்றார் மெதுவாக. "இதுக்குக் கீழை இருந்தால் நானும் வெளிறிப்போவன்."